பிற்பகல் தேநீரும் ஒரு வியாபாரமே

வெளிநாட்டுப் பயணம் போகும் ஒருவர் அறைக்கு ஒரு தடவை பணம் கொடுக்கிறார். வாகனத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ கொடுக்கிறார். ஆனால் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு நாளில் நான்கு தடவை பணப்பையைத் திறக்கிறார். இந்த நான்கு தடவைகளில் ஒன்றாவது நமது கடையில் நடக்கிறதா என்பதே இந்த வாரம் நான் வாசகர்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

நான் பண்டாரவளையில் வியாபாரம் செய்பவன். எல்லவுக்குப் போகும் பயணிகள் நமது நகரைக் கடந்து போவதைத் தினமும் பார்க்கிறேன். வங்கி இயந்திரத்தில் காசு எடுக்கிறார்கள், தண்ணீர்ப் போத்தல் வாங்குகிறார்கள், பஸ் மாறுகிறார்கள். பிறகு போய்விடுகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நமது சாப்பாட்டுக் கடைகளில் மேசைகள் காலியாக இருக்கின்றன. அதே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எல்லவில் அதே தேயிலையை, அதே வடையை, பல மடங்கு விலைக்கு வாங்கி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ளத்தான் இருக்கிறது.

பிற்பகல் தேநீர் என்றால் என்ன?

ஆங்கிலேயரின் இந்த வழக்கத்தை 1840ஆம் ஆண்டளவில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா தொடங்கி வைத்தார் என்று சொல்லப்படுகிறது. அக்காலத்தில் பிரபுக்கள் வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான். பகல் உணவோ மிகச் சிறியது. நான்கு, ஐந்து மணிக்குப் பசிக்கும்போது தேநீரும் பாணும் வெண்ணெயும் கேக்கும் வரவழைத்தார், பிறகு தோழிகளையும் அழைத்தார். நாளடைவில் அது நாட்டின் பழக்கமாயிற்று. இன்று அதன் அடையாளம் மூன்று தட்டு அடுக்கு: சிறிய சாண்ட்விச், ஸ்கோன் என்ற சிறு ரொட்டியுடன் ஜாமும் கிரீமும், இனிப்பு வகைகள்.

இங்கே வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு சொல் வித்தியாசம் உண்டு. நமது நாட்டு ஹோட்டல்களில் இதை 'ஹை டீ' என்கிறார்கள். இங்கிலாந்தில் ஹை டீ என்பது தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து மாலையில் உண்ட இறைச்சியும் பாணும் சேர்ந்த முழுச் சாப்பாடு. நம் ஊரிலோ அந்தச் சொல்லைப் பார்த்ததும் வேண்டிய அளவு எடுத்துச் சாப்பிடும் பெரிய விருந்தை எதிர்பார்ப்பார்கள். சிறிய கடைக்காரர் பலகையில் 'ஆஃப்டர்நூன் டீ' என்று எழுதுவதே பாதுகாப்பு. எழுதியதற்கும் கொடுப்பதற்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

லண்டனில் ரிட்ஸ் ஹோட்டல் இந்தத் தேநீருக்குப் பேர்போனது. அங்கே முற்பகல் 11.30 தொடங்கி இரவு வரை ஐந்து அமர்வுகள். ஒருவருக்கு 70 பவுணுக்கும் மேல். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதாவது ஒரே மேசையை ஒரு நாளில் ஐந்து தடவை விற்கிறார்கள். அந்த ஆடம்பரம் நமக்கு வேண்டாம். மேசையைப் பற்றி அவர்கள் போடும் கணக்கு வேண்டும்.

மலேசியாவில் நான் பார்த்தவை

வியாபார விஷயமாக மலேசியா போனபோது மூன்று இடங்களில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றிலும் மூன்று பாடங்கள் கிடைத்தன.

முதலாவது பினாங்கு. அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நாசி கண்டார் கடைகள் உலகப் பெயர் பெற்றவை. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் கறிப் பானை என்று தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பெரிய உணவகங்களுக்குச் சொந்தக்காரர்கள். ஜோர்ஜ் டவுனில் உள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. வெளிநாட்டவருக்காக அவர்கள் கறியை மாற்றவில்லை. பலவகைக் குழம்புகளைச் சோற்றின் மேல் கலந்து ஊற்றும் அவர்களது வழக்கத்தையே பயணிகள் தேடி வந்து வரிசையில் நிற்கிறார்கள். நம்முடையதை விட்டுவிட்டு பீட்ஸாவும் பர்கரும் போட்டால்தான் வெள்ளைக்காரர் வருவார் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். பினாங்கு வேறு விதமாகச் சொல்கிறது.

இரண்டாவது, மாமாக் கடை என்று அங்கே சொல்லும் தேநீர்க் கடைகள். தேநீரும் டின்பாலும் கலந்து, இரண்டு குவளைகளுக்கிடையில் உயர்த்தி இழுத்து ஆற்றுவதுதான் 'தே தாரிக்'. நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஆற்றுவதும் அதேதான். அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்து, வாடிக்கையாளர் கண் முன்னாலேயே செய்கிறார்கள். பயணிகள் படம் எடுக்கிறார்கள். இன்னொரு விஷயம்: பாலில்லாமல் சீனியோடு என்றால் தே-ஓ, சீனியும் இல்லாவிட்டால் தே-ஓ கோசோங், இஞ்சி போட்டால் தே ஆலியா, ஐஸும் தேசிக்காயும் சேர்ந்தால் தே-ஓ ஐஸ் லிமாவ். ஒரே தேயிலைத் தூள்தான். பெயர் வேறு, விலை வேறு. நமது கடைகளில் பிளேன்டி, பால் தேநீர் என்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. இஞ்சித் தேநீரும் ஏலக்காய்த் தேநீரும் கித்துள் கருப்பட்டியோடு பிளேன்டியும் நம்மிடம் இல்லாதவையா? பலகையில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது கேமரன் மலை. நமது ஊரைப் போலவே குளிர்ந்த தேயிலை மலை. 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. சுங்கை பாலாஸ் தோட்டத்தில் மலைச்சரிவுக்கு மேலே நீண்டு நிற்கும் ஒரு தேநீர்க் கூடத்தைக் கட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலையைப் பார்க்கலாம், கீழே தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி தேநீரும் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் சாப்பிடலாம், போகும்போது பெட்டி பெட்டியாகத் தேயிலை வாங்கலாம். இலங்கை 2023இல் சுமார் 256 மில்லியன் கிலோ தேயிலை உற்பத்தி செய்தது. மலேசியாவின் உற்பத்தி சில மில்லியன் கிலோதான். தேயிலை குறைவாக உள்ள அந்த நாடு, மலையையும் தேநீரையும் சேர்த்துப் பயணிக்கு எப்படி விற்பது என்பதில் நம்மை விடக் கவனமாக இருக்கிறது.

நமது வாசலில் இருப்பவை

நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி இடம் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் பறிக்கும் கொழுந்துக்கு வேறெங்கும் கிடைக்காத குளிர்ந்த நறுமணம் வருகிறது. கொழும்பு ஏலத்தில் வாங்குபவர்கள் அந்தக் காலத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தச் செய்தியைத் தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது இரண்டு வசனத்தில் சொல்லத் தெரிந்த பையன் நமது எத்தனை கடைகளில் இருக்கிறான்?

அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டம். கிளாஸ்கோ நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்று. பெட்டியிலிருந்து நிறுத்துக் கொடுத்த தேயிலையை, எடை அச்சிட்ட சிறிய பைகளில் சாதாரண மக்களுக்கு மலிவாக விற்றுப் பெரும் செல்வந்தரானவர் அவர். அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் சீட் உச்சிக்கு இன்று பயணிகள் ஏறிப் போகிறார்கள். அங்கே ஒரு சிறிய கடையில் சுடச்சுடத் தேநீர் கிடைக்கிறது. ஏறி வந்த களைப்பில் அந்தப் பிளேன்டியைக் குடித்தவர் அதை மறப்பதில்லை.

அப்புத்தளையில் 1931இல் கட்டப்பட்ட அடிஷம் மாளிகை இன்று துறவிகள் மடம். அவர்கள் செய்யும் பழ ஜாம் வகைகளைப் பயணிகள் தேடி வாங்குகிறார்கள். பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் இடையில் ஊவா ஹல்பேவத்தத் தொழிற்சாலை பயணிகளுக்குத் தேயிலை தயாராவதைக் காட்டி, சுவைக்கவும் கொடுக்கிறது. நமது நகரிலேயே 1893ஆம் ஆண்டைச் சேர்ந்த பண்டாரவளை ஹோட்டல் தோட்டத் துரைமாரின் காலத்தை நினைவுபடுத்தி நிற்கிறது. கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக்கினார்கள். 2005இல் டில்மா நிறுவனத்தார் பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய துரை பங்களாக்களைத் தங்குமிடங்களாக்கினார்கள். பெரிய முதலாளிகள் இதைப் புரிந்துகொண்டு இருபது, முப்பது வருடமாகிவிட்டது. சிறிய கடைக்காரர்களான நாம்தான் இன்னும் கொத்து ரொட்டி நேரத்துக்காக மாலை ஆறு மணி வரை காத்திருக்கிறோம்.

காலி மேசையின் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இலக்கங்கள் உதாரணத்துக்காகத்தான், உங்களுடைய இலக்கங்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடை வாடகை மாதம் 60,000 ரூபாய் என்றால் நாளுக்கு 2,000. இரண்டு பேரின் கூலி நாளுக்கு 5,000. மொத்தம் 7,000. கடை 14 மணித்தியாலம் திறந்திருந்தால் மணித்தியாலத்துக்கு 500 ரூபாய். பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை யாரும் வராவிட்டால் நாளுக்கு 1,500, மாதம் 45,000 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது நஷ்டமாக எழுதப்படுவதில்லை.

இப்போது தேநீர்ப் பக்கத்தைப் பாருங்கள். ஒரு பெரிய கோப்பைக்கு இரண்டரைக் கிராம் தேயிலை போதும். ஒரு கிலோவில் 400 கோப்பை. கிலோ 2,400 ரூபாய் தேயிலை போட்டாலும் கோப்பைக்கு 6 ரூபாய்தான். தேயிலையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்டமான தூளை வாங்குபவர் கோப்பைக்கு இரண்டு ரூபாய் சேமித்து, திரும்பி வரக்கூடிய வாடிக்கையாளரை இழக்கிறார்.

இரண்டு பேருக்கு ஒரு டீபொட், நான்கு சிறிய சிற்றுண்டி, இரண்டு இனிப்பு என்று ஒரு தேநீர்த் தட்டு வையுங்கள். விலை 900 ரூபாய். பொருளுக்கு 350, எரிவாயுவுக்கும் மற்றதற்கும் 50 போனால் 500 மிச்சம். மூன்று தட்டு விற்றால் அந்த மூன்று மணித்தியால நஷ்டம் அடைபட்டுவிடும். நான்காவது தட்டிலிருந்து இலாபம். நாளுக்கு நான்கு தட்டு ஒரு பெரிய இலக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

செய்ய வேண்டியவை

1. தண்ணீர். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரம். இங்கே தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே கேத்தலில் நன்றாகத் தளதளவென்று கொதித்த தண்ணீரை உடனே ஊற்ற வேண்டும். காலையிலிருந்து அடுப்பில் கிடந்து மறுபடி மறுபடி கொதித்த தண்ணீரில் நல்ல தேயிலையும் சப்பென்றுதான் இருக்கும்.

2. சாயம். துணிப் பையில் மணிக்கணக்கில் ஊறும் சாயம் டின்பாலுக்குப் பொருந்தும். பயணி கேட்பது இலையின் மணம். பீங்கான் டீபொட்டில் தேயிலையைப் போட்டு நான்கைந்து நிமிடம் ஊறவிட்டு, வடியுடன் வையுங்கள். பாலும் சீனியும் தனியாக இருக்கட்டும். சீனி போட்டே கொண்டுவந்த தேநீரை அவர்களில் பலர் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

3. சிற்றுண்டித் தட்டு. மேசையில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை வைத்து, சாப்பிட்டதற்கு மட்டும் காசு எடுப்பது நமது வழக்கம. வெளிநாட்டவருக்கு இது புரிவதில்லை. முழுத் தட்டுக்கும் காசு என்று பயப்படுவார், அல்லது முந்தியவர் தொட்டதோ என்று சந்தேகப்படுவார். அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து, எண்ணிக் கொடுங்கள்.

4. நமது பண்டம். உளுந்து வடை, சிறிய மீன் கட்லட், சமோசா, தொதல், மஸ்கட், ஒரு சிறு கிண்ணத்தில் வட்டிலப்பம். மூன்று தட்டு அடுக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? ஸ்கோன் செய்யத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குறையில்லை. வட்டிலப்பத்தில் முட்டையும் முந்திரியும் இருப்பதையும், வடையில் பாலோ முட்டையோ இல்லாததையும் பரிமாறுபவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

5. கழிவறை. இதைச் சொல்லப் பலருக்குக் கூச்சம். பயணத்தில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் கடையைத் தெரிவு செய்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான். சவர்க்காரமும் தண்ணீரும் உலர்ந்த தரையும் பெயர்ப்பலகையை விட அதிகம் விளம்பரம் செய்யும்.

6. ஹலால் உணவு தேடுபவர்கள். மலேசியா, மாலைதீவு, வளைகுடா நாடுகளிலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த கேள்வி தொழ இடமிருக்கிறதா என்பது. சான்றிதழ் இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் சான்றிதழ் போலத் தோன்றும் எதையும் மாட்டாமல், இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை நேராகச் சொல்லுங்கள். பள்ளிவாசலுக்கு வழியைக் காட்டுங்கள்.

7. பொதி செய்த தேயிலை. குடித்த தேயிலையிலேயே 100 கிராம் வாங்கிப்போக விரும்புபவர் பலர். வகை, எடை, திகதி ஆகியவற்றைச் சரியாக எழுதுங்கள். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. அழகாக இருக்கிறது என்று நீங்களே அச்சடிக்காதீர்கள்.

8. கூகுள் வரைபடம். இன்றைய பயணி தெருவில் யாரிடமும் கேட்பதில்லை, கைபேசியைப் பார்க்கிறார். உங்கள் கடையின் பெயர், திறக்கும் நேரம், தேநீர்த் தட்டின் படம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை மூடினால் அதையும் போடுங்கள்.

ஒரே விலை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடைப் பகுதியில் ஒரு வெளிநாட்டவரிடம் கொத்துக்கு 1,900 ரூபாய் கேட்ட காணொளி உலகம் முழுதும் பரவியது. அதே நாட்களில் களுத்துறையில் ஒரு பயணியிடம் வடைக்கும் தேநீருக்கும் பல நூறு ரூபாய் வாங்கியதும் வெளியானது. பொலிஸார் நடவடிக்கை எடுத்தார்கள். ஒரு வடையில் கிடைத்த மேலதிகக் காசு எவ்வளவு, அதனால் அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்த மற்றவர்களுக்கு வந்த கெட்ட பெயர் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். மேலே சொன்ன தேநீர்த் தட்டு 900 ரூபாய் என்றால் பதுளையிலிருந்து வரும் ஆசிரியருக்கும் 900, ஜெர்மனியிலிருந்து வருபவருக்கும் 900. டீபொட், பீரிசு, இனிப்பு எல்லாம் சேர்ந்ததால்தான் அந்த விலை. நின்றபடி குடிக்கும் பிளேன்டியின் விலை வேறு, அதுவும் எல்லோருக்கும் ஒன்றே. சேவைக் கட்டணம் பத்து வீதம் சேர்ப்பதானால் பட்டியலிலேயே சொல்லுங்கள். பில்லில் முதல் தடவையாகப் பார்க்கும் தொகை யாருக்கும் கசப்புத்தான்.

பயணிகளை மட்டும் நம்பலாமா?

நம்பக்கூடாது. 2018இல் நமது நாட்டுக்கு 23 இலட்சம் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா. 2021இல் வந்தவர்கள் சுமார் ஒரு இலட்சத்து 94 ஆயிரம் பேர்தான். 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. வெளிநாட்டவரை மட்டும் நம்பிக் கடன் எடுத்து மாடி கட்டியவர்களின் நிலையை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே பிற்பகல் தேநீருக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கும் கடையில் ஜன்னலோரம் இரண்டு மேசை, நான்கு டீபொட், ஒரு டசின் கோப்பையும் பீரிசும் போதும். ஞாயிற்றுச் சந்தைக்கு வெலிமடையிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வரும் குடும்பங்கள், பாடசாலை முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகும் தாய்மார், அலுவலகம் விட்டு வருபவர்கள் ஆகியோரும் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு சுத்தமான, அமைதியான இடத்தைத் தேடுகிறார்கள். பெண்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய தேநீர்க் கடை நமது நகரில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். உள்ளூர் மக்கள் விரும்பி வரும் கடைக்குப் பயணியும் வருவார். பயணி வராத வருடத்திலும் அந்தக் கடை நிற்கும்.

முதல் வேலையாக ஒரு சிறிய கொப்பியை எடுங்கள். வருகிற ஏழு நாட்களுக்கு மூன்று மணி முதல் ஆறு மணி வரை உங்கள் கடையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், என்ன வாங்கினார்கள், எத்தனை பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எழுதுங்கள். ஏழாம் நாள் இரவு வீட்டிலுள்ளவர்களோடு அதை வைத்துப் பேசுங்கள். தொதலும் வட்டிலப்பமும் செய்யத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்குப் பாருங்கள். அப்படியும் மிச்சம் வந்தால் எட்டாம் நாள் பலகையை எழுதி மாட்டுங்கள்.